குச்சி நின்ற பக்கம்

குட்டி லாரி பின்புறமாகவே சந்துக்குள் வந்தது. அதை அப்படி ஓட்டுகிறவர் ஊரில் ஒருவர்தான். தெப்பெய் பல் துலக்கிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனான். மாமனார் கன்சுகெ அதற்குள் இறங்கி, லாரியின் பின்பலகையைச் சாய்த்து, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"மரத்தை எடுத்துட்டுப் போக வந்தேன் மாப்ள."

"எந்த மரத்தை?"

"உன் வீட்டுல எத்தனை மரம் இருக்கு?"

ஒன்றுதான் இருந்தது. மனைவி சயோ வளர்த்த மற்ற போன்சாய்க் குட்டை மரங்கள் எல்லாம் கையடக்கச் சட்டிகளில் இருந்தன. அவள் இறந்த மாதமே கன்சுகெ அவற்றை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இது மட்டும் பெரிய பலகைப் பெட்டியில் இருந்ததால் தப்பியது. அக்காய்ஷி மலையில் பாதை சரிந்த ஓரிடத்தில், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சயோ தன் கையால் தோண்டி எடுத்த பைன். பாறையிடுக்கில் காற்றும் பனியும் முறுக்கி வளர்த்தது. உயரம் இடுப்பளவு கூட இல்லை. வயதில் கன்சுகெயைவிட மூத்தது. இறக்கி வைத்த நாளிலிருந்து அதே மதிலோரம் இருக்கிறது. யாரும் நகர்த்தவில்லை.

"அவ போய்ச் சேந்த வருஷம் கோடை முழுக்க இதுக்கு நீ ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. நான் வந்தப்பல்லாம் உள்ள சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்த. இது பிழைச்சது அதிசயம். அதிசயத்தை நம்பி ரெண்டாந்தடவை விட முடியாது."

அந்தக் கோடை தெப்பெய்க்கு நினைவிலேயே இல்லை.

"நான் இதைப் போன்சாய்க் கண்காட்சியில வெக்கறேன்" என்றான்.

"என்னது? துப்பிட்டுச் சொல்லு."

துப்பிவிட்டுச் சொன்னான். சொன்ன பிறகு அவனுக்கே வியப்பாக இருந்தது. அவன் ஒரு கிளையில்கூடக் கம்பி சுற்றியதில்லை. காகித ஆலையின் சோதனைக்கூடத்தில், டிஷ்யூ எவ்வளவு இழுத்தால் கிழியும் என்று பார்ப்பது அவன் வேலை.

கன்சுகெ சிரித்தார். "சரி, கண்காட்சிக்காரரே. முகம் எது? அதைச் சொல்லு முதல்ல."

போன்சாய்க்கு ஒரு முகம் உண்டு. பார்க்கிறவர் நிற்க வேண்டிய பக்கம். அதை முடிவு செய்த பிறகுதான் கம்பி, கத்தி, சட்டி எல்லாம். கன்சுகெ குடும்பத்தில் முகம் முடிவானதும் அந்தப் பக்கத்து மண்ணில் ஒரு முளை குத்திவிடுவார்கள். மரம் மேடை ஏறும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. சயோ அதில் அப்பாவைவிடக் கறார்.

தெப்பெய் குனிந்து பாசியை விலக்கினான். ஒரு குச்சி நின்றது. பாதி கறுத்துப்போன சாப்பாட்டுக் குச்சி.

"இதோ" என்றான்.

கன்சுகெ குச்சியைப் பார்த்தார். குச்சி நின்ற பக்கத்தைப் பார்த்தார். பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"அந்தப் பக்கம் பாரு. அடிமரம் எப்படி வளைஞ்சு ஏறுது. கிளை எப்படிப் படிப்படியா இறங்குது. அது முகம். இந்தப் பக்கம் என்ன இருக்கு? தொப்பை. தொப்பை நடுவுல ஒரு கிளை, நேரா நம்ம கண்ணைக் குத்த வருது. விருந்தாளி மூக்குக்கு நேரா விரலை நீட்டற மாதிரி. என் பொண்ணா இதை முகம்னு சொல்லுவா?"

"குச்சி இருக்கே மாமா."

"எங்க வீட்டுல மூங்கிலைச் சீவித்தான் குத்துவோம். இது தின்னுட்டுத் தூக்கிப் போடற குச்சி."

"கடைசி மாசத்துல அவளால மூங்கில் சீவ முடிஞ்சிருக்குமா?"

கன்சுகெ தோளில் இருந்த கயிற்றை இறக்கிச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடிக்க நெடுநேரம் ஆனது.

"சரி. அவ சொன்னது முகம். அடுத்த நவம்பர்ல கண்காட்சி. இந்த முகத்தோட மரம் மேடை ஏறுச்சுன்னா உனக்கு. இல்லேன்னா என் லாரிக்கு."

லாரி முன்புறமாகப் போய் மறைந்தது. மதிலுக்கு மேலே ஒரு தலை எழுந்தது. பக்கத்தில் முள்ளங்கி, முட்டை வேகவைத்து விற்கும் ஓடென் கடை நுயி அக்கா. ஒரு கையில் தட்டு, மறு கையில் குச்சி.

"போயிட்டாரா? நீ இன்னும் சாப்பிடலதானே?" தட்டில் இருந்த முள்ளங்கியைக் குச்சியால் குத்திப் பார்த்தாள். "வெந்திருச்சு. முட்டை சுடும், பாத்து."

மதிலிலிருந்து அவள் கை பலகைப் பெட்டியின் விளிம்புவரை எட்டும். வழக்கம்போல் தட்டை அங்கே வைத்தாள். தலை இறங்கியது.

*

முதல் வேலை, கண்ணைக் குத்தும் கிளையை இடதுபக்கம் வளைப்பது. தெப்பெய் நார்க்கயிற்றை நனைத்துக் கிளையில் இறுகச் சுற்றினான். அதன்மேல் செம்புக் கம்பி. ஜனவரிக் குளிரில் ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். ஒரு பொருள் கிழியப்போவது அவன் விரல்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஆலையில் அதற்குப் பெயர் பெற்றவன்.

பைன் டிஷ்யூ அல்ல. கிளை படாரென்று போனது.

"தம்பி!" மதிலுக்கு அப்பாலிருந்து குரல். "எலும்பா?"

"கிளைக்கா."

"நல்லவேளை."

"நல்லவேளை இல்லக்கா."

ஞாயிற்றுக்கிழமை கன்சுகெ ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். முறிந்த கிளையைச் சுற்றிக் குளியல் துண்டு கட்டியிருந்தது.

"மரத்துக்கு என்ன, ஜலதோஷமா?"

"பனி அதிகமா இருக்கு மாமா."

"இது மலை உச்சியில பனிக்குள்ளயே பொறந்தது."

"வீட்டுக்கு வந்து சொகுசு பழகிருச்சு."

கன்சுகெ துண்டையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க சயோ உன்னை எதுக்குக் கட்டினான்னு நான் இன்னும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சை வைத்துவிட்டுப் போனார்.

மலைப் பைனில் செத்த கிளை குற்றமில்லை. பட்டையை உரித்து வெள்ளைக் கட்டையாக விட்டால் அது நகை. சயோ சொன்னது நினைவிருந்தது. ஆகவே முறிந்த கிளையின் பட்டையை உரித்தான். கொஞ்ச தூரம் நன்றாக வந்தது. பிறகு ஒட்டிக்கொண்டது. குறடால் பிடித்து இழுத்தான். பட்டை கிளையோடு நிற்கவில்லை. வாழைநார் கிழிகிற மாதிரி அடிமரத்தின் தொப்பை வழியாக மண்வரை ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

கையில் தொங்கிய பட்டையைத் திருப்பி ஒட்ட முடியுமா என்று வைத்துப் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

அடுத்த ஞாயிறு மரம் முழுக்கப் படுக்கை விரிப்பால் மூடியிருந்தது.

"இது எதுக்கு?"

"நவம்பர்ல பாக்கறப்ப உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"எனக்கு இப்பவே ஆச்சரியமாத்தான் இருக்கு."

விரிப்புக்கு உள்ளே நிலைமை வேறு. முன்னால் நீண்ட கிளை போய், இடதுபக்கம் வெறும் வெள்ளைக் கோடாகி, பச்சை முழுக்க வலதுபக்கம் ஒதுங்கிவிட்டது. மரம் வலதுபக்கம் விழப்போவது போல் இருந்தது. தெப்பெய் பெட்டியின் வலதுமுனைக்கு அடியில் செங்கல் வைத்தான். போதவில்லை. இன்னொரு செங்கல். பிறகு பீர்ப் பெட்டி. ஒரு கோணத்தில் மரம் திடீரென்று நிமிர்ந்து மூச்சு விட்டது. பார்க்க நன்றாக இருந்தது. மண்தான் இடது மூலை வழியாகக் கொட்டிக்கொண்டே இருந்தது.

"தம்பி, மரம் குடிச்சிருக்கா?" என்றாள் நுயி அக்கா, தட்டை வைக்க இடம் தேடியபடி.

"இல்லக்கா. பீர்ப் பெட்டி மட்டுந்தான் அதுக்கு."

மார்ச்சில், சட்டி மாற்றும் பருவத்தில், கன்சுகெ தோளில் கயிறில்லாமல் வந்தார். கையில் பட்டுத்துணி மூட்டை. அவிழ்த்தார். ஆழமில்லாத, நீள்சதுரமான, பழைய பழுப்புநிறச் சட்டி. தெப்பெய்க்கு அதைத் தெரியும். கன்சுகெ வீட்டில் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட யாருக்கும் அனுமதி கிடையாது.

"கல்யாணமான நாள்லருந்து இதைக் கேட்டா. நான் தரல" என்றார் கன்சுகெ. "இந்தா. அவ மரத்துக்கு."

"மாமா, இது வேண்டாம்."

"வாங்கிக்கன்னா வாங்கிக்க. உடைச்சே, உன்னை உடைப்பேன்."

அன்று மதியமே தெப்பெய் மரத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தான். குச்சி திசை மாறக்கூடாது என்று அதை நூலால் அடிமரத்தோடு கட்டினான். மண்ணை உதிர்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு பக்கத்திலிருந்து தொடை மாதிரி ஒரு வேர் நேராகக் கீழே இறங்கியது. பாறையிடுக்கில் அதுதான் மரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். வெட்டினால் மரம் செத்துவிடும். வெட்டாவிட்டால் ஆழமில்லாத சட்டியில் அடங்காது.

சாய்த்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். கடைசியில் லேசாக அழுத்திப் பார்த்தான்.

டிங்.

சட்டி நட்டநடுவில் இரண்டாகப் பிளந்தது. மிக நேர்த்தியான பிளவு. ஆலையில் எதுவாவது அப்படிப் பிளந்திருந்தால் குறித்து வைத்துப் பாராட்டியிருப்பான்.

வேர்கள் காற்றில் உலர்ந்துகொண்டிருந்தன. ஈரச் செய்தித்தாளைப் போர்த்திவிட்டு வீட்டுக்குள் ஓடினான். அரிசிப் பீப்பாய் பிளாஸ்டிக். வாளி குட்டை. பாத்திரம் கழுவும் தொட்டியைச் சுவரிலிருந்து கழற்ற முடியவில்லை. வாசலுக்கு வந்தான். குடைகளைப் பார்த்தான். குடைகள் நின்ற சாடியைப் பார்த்தான்.

சயோ தொபே ஊரில் ஒரு மட்பாண்ட வகுப்புக்குப் போன காலத்தில் செய்தது. உயரமான சாடி. சக்கரத்தில் அது எழும்போது அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மிய பக்கம் சாடியும் சாய்ந்துவிட்டது. ஆசிரியர் பிசைந்துவிடலாம் என்றாராம். இவள் அணைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து வாசலில் ஒரு பக்கம் குடிகாரன் போல் சாய்ந்தே நின்றது. வருகிறவர்கள் எல்லாரும் அதை நிமிர்த்தி வைக்கப் பார்ப்பார்கள்.

தெப்பெய் குடைகளைத் தரையில் போட்டான். சாடியைக் கவிழ்த்து அடியில் துளையிட்டான். துளையிடும்போது மூச்சு விடவில்லை. அது உடையவில்லை. உடையாதது அந்த ஆண்டில் அதுதான் முதல்.

தொடை வேர் சாடிக்குள் வழுக்கி இறங்கியது. சாடி வலதுபக்கம் சாய்ந்தது. மரம் இடதுபக்கம் சாய்ந்தது. இரண்டும் சேர்ந்து நேராக நின்றன.

"அக்கா" என்று கத்தினான். "குச்சி இருக்கா? வேர் நடுவுல மண்ணைக் குத்தி இறக்கணும்."

மதிலுக்கு மேலே ஒரு கட்டுக் குச்சி நீண்டது. பின்னாலேயே தலை.

"இதென்ன, குடைக்குப் பதிலா மரம் வெச்சுட்டியா?"

"ஆமா."

அவள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. மழை வந்தா என்ன பண்ணுவ?"

மண் இறங்கியதும், நூலை அவிழ்த்து, பழைய குச்சியை அதன் திசையிலேயே மறுபடி குத்தினான்.

தினமும் வேலைக்குப் போகும் முன் தண்ணீர் ஊற்றினான். வந்ததும் பார்த்தான். மே மாதம் வெளிர்ப்பச்சைக் குருத்துகள் மெழுகுவத்தி மாதிரி எழுந்தன. ஜூலையில் அவை ஊசிகளாக விரிந்தன. வெள்ளைக் கோடு வெயிலில் வெளுத்து எலும்பு நிறமானது. அதன் பக்கத்தில் உயிருள்ள பட்டை தடித்து உருண்டது.

இம்முறை கோடை அவனுக்கு நினைவில் இருந்தது.

*

நவம்பர். ஊர் மன்றத்தில் போன்சாய் சங்கத்துக்காரர்கள் மேசைகளுக்கு வெள்ளைத்துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். தெப்பெய் மரத்தை மேசையில் வைத்து விரிப்பை எடுத்தான். கன்சுகெ எதிரே நின்றார்.

"கிளை எங்க?"

"உடைஞ்சிருச்சு மாமா."

"பட்டை?"

"கிழிஞ்சிருச்சு."

"என் சட்டி?"

"அதுவும்."

"வேற ஏதாவது மிச்சம் வெச்சிருக்கியா?"

"குடைங்க இருக்கு."

கன்சுகெ முகம் சிவந்தது. அவர் கை லாரிச் சாவியைத் தேடிப் பைக்குள் போனது. பிறகு அவர் கண் சாடியில் விழுந்தது. கை பைக்குள்ளேயே நின்றது.

"இது என்ன சாடி? எவன் செஞ்சான் இதை?"

"சயோ. செய்யும்போது தும்மிட்டா."

கன்சுகெ குனிந்தார். சாய்ந்த பக்கத்தில், பளபளப்புக்கு அடியில், நான்கு விரல் தடம் இருந்தது. சரியப்போன சாடியை அவள் தாங்கிப் பிடித்த தடம். அதில் தன் விரலை வைத்துப் பார்த்தார். அவருடைய விரல் பெரிது. பொருந்தவில்லை. சாவியைப் பற்றி மறந்துவிட்டார்.

அதற்குள் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து மரத்தைத் திருப்பி வைத்தார். "முதுகைக் காட்டி வெச்சிருக்கீங்க தம்பி. புதுசா?"

தெப்பெய் பழையபடி திருப்பினான்.

"தம்பி, சொன்னாக் கேளுங்க. அந்தப் பக்கந்தான் அழகு." மறுபடி திருப்பினார்.

தெப்பெய் மறுபடி திருப்பினான். சங்கத் தலைவர் ஓச்சி பரிசுச் சீட்டுகளோடு வருவதைப் பார்த்து, சங்கத்துக்காரர் அவசரமாக மறுபடி கை நீட்டினார்.

"கையை எடுய்யா!"

மன்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கத்தியது கன்சுகெ.

"அது முதுகுன்னு எனக்கும் தெரியும். முப்பது மரம் வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆனா என் பொண்ணு இதை முகம்னு சொன்னா. அவ சொன்னா அதுதான் முகம். திருப்பறவன் முதல்ல என்னைத் திருப்பிட்டு அப்புறம் மரத்தைத் திருப்பு."

யாரும் திருப்பவில்லை. கன்சுகெ ரொம்பக் கனம்.

ஓச்சி மரத்தின் முன் உட்கார்ந்தார். சீக்கிரம் எழுந்திருக்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கீழிருந்து மேலே பார்த்தார். முறிந்த கிளையைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"பின்னாடி ஒரு அழகான முகம் சும்மா கிடக்கு" என்றார்.

"தெரியும்யா" என்றார் கன்சுகெ.

"அதைக் காட்ட எந்த மடையனாலும் முடியும். உன்னாலகூட முடியும். இது அடி வாங்கின பக்கம். இப்படி ஒரு பக்கத்தை ஒருத்தர் தேர்ந்தெடுக்கணும்னா, மரத்தை உள்ளயும் வெளியயும் பாத்திருக்கணும். இத்தனை வருஷத்துல எனக்கு இது தோணினதில்ல." ஓச்சி எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். "உன் பொண்ணு நம்ம எல்லாரையும் தாண்டிட்டாய்யா."

முதல் பரிசுக்கான தங்க நிறச் சீட்டை எடுத்து மரத்தின் முன் வைத்தார். பிறகு மரத்துக்குத் தலை குனிந்து வணங்கினார். மரத்தைத் திருப்பியவரும் வணங்கினார். எதற்கென்று தெரியாமல் வாசலில் நின்ற இரண்டு பேரும் வணங்கினார்கள்.

கன்சுகெ மூக்கைச் சிந்த எதையோ தேடினார். தெப்பெய் டிஷ்யூ நீட்டினான்.

"நல்ல டிஷ்யூ" என்றார் கன்சுகெ.

"கிழியாது மாமா."

"மரம் உனக்கு. அந்தச் சட்டியைப் பத்திப் பேசாதே. நான் சாகறவரை பேசாதே." இன்னொரு முறை சிந்தினார். "ஜனவரில வரேன். அந்த வலதுபக்கக் கிளையில கம்பி கட்டணும். நீ தொடாதே. இல்ல, நீயே தொடு. நான் பாத்துக்கிட்டு நிக்கறேன்."

மரம் மேடை ஏறிவிட்டது. இனி முளையைப் பிடுங்கலாம். கன்சுகெ இரண்டு கைகளாலும் குச்சியை எடுத்தார். மண்ணைத் துடைத்தார். சட்டியைச் சுற்றிக் கொண்டுவந்த அதே பட்டுத்துணியில் அதை வைத்தார். வீட்டில் சயோவின் படத்துக்கு முன்னால் வைக்கப்போவதாகச் சொன்னார். பிறகு அதை ஏந்திக்கொண்டு மேசை மேசையாகப் போய் எல்லாருக்கும் காட்டத் தொடங்கினார். கடைசி மாதத்தில், கையில் தெம்பில்லாத நிலையிலும், மகள் எப்படி எழுந்து வந்து முகத்தைக் குறித்துவிட்டுப் போனாள் என்ற கதை ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் நீண்டது.

தெப்பெய் மரத்தின் முன் தனியாக நின்றான். நெஞ்சில் எங்கோ மரத்துப்போன இடத்தில் ரத்தம் ஓடுகிற மாதிரி குறுகுறுவென்றிருந்தது. சிரித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்குச் சற்று தாமதமாகத்தான் தெரிந்தது.

நுயி அக்கா ஓடென் அண்டாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். தங்க நிறச் சீட்டைப் பார்த்தாள். அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஜெயிச்சுட்டியா! குடைச்சாடியோடயா!"

"ஆமாக்கா."

"உங்க மாமனார் என்ன, எதையோ பட்டுத்துணியில ஏந்திக்கிட்டு எல்லாரையும் கும்பிட வெக்கறாரு?"

"மரத்துல இருந்த குச்சிக்கா. அது நின்ன பக்கந்தான் முகம். சயோ கடைசியா குத்தி வெச்சுட்டுப் போனது. அதுக்குத்தான் பரிசே."

நுயி அக்கா எட்டிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அவன் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்கிட்டச் சொல்லிடாதே தம்பி, அது நான் குத்துனது, அந்தக் கோடையில நீ சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கிடந்தப்ப தினமும் தண்ணி ஊத்தினது நான்தானே, மண்ணு காஞ்சிருக்கான்னு குத்திப் பாக்க மதில் மேலருந்து என் கைக்கு எட்டினது அந்தப் பக்கம் மட்டுந்தான்."